குதிரை மட்டும் வந்த வருஷம்

மெழுகின அடுப்பின் ஈரச் சாணி வாசனை... காணும் பொங்கல் என்றதும் எனக்கு இன்றும் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

ஊரே கரும்பும் கறிக்குழம்புமாக இருக்கும் நாளில் எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது. வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் ஊர். வருஷா வருஷம் அன்றைக்குத்தான் குதிரைப் பந்தயம். ஊர் எல்லையிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

அப்பா ரைஸ்மில்காரருடைய குதிரையை ஓட்டுவார். செவலை என்று பெயர். மில்லில் மூட்டை தூக்குகிறவருக்குக் குதிரை எப்படிப் பழகியதோ தெரியாது, செவலை அவர் சொன்னால்தான் கேட்கும்.

குதிரை ஓட்டப் போனவர் பந்தயத்தை முடிக்கும்வரை அவர் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது, பெண்சாதி வேடிக்கை பார்க்க வரவும் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நிச்சயம் ஒரு ஆம்பளையாகத்தான் இருக்கும்! அம்மா சாம்பலை வாரிக் கொட்டி, அடுப்பை மெழுகி, அதன் மேல் சின்னக் கோலம் ஒன்று போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கும் தம்பிக்கும் பழைய சோறு.

தூரத்தில் புளியமரத்தில் கட்டிய மைக்செட் சத்தம் கேட்கும். மலைக்காற்று வீசினால் பாதி வார்த்தை வரும், பாதி வராது. அம்மா பேசவே மாட்டார். எங்களையும் பேச விட மாட்டார்.

இரண்டு வருஷம் தொடர்ந்து செவலைதான் ஃபர்ஸ்ட். ரைஸ்மில்காரருக்குக் குத்துவிளக்கு, அப்பாவுக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அப்பா வாசலில் வந்து நிற்கும்போதுதான் அம்மாவுக்கு மூச்சே வரும்.

மூன்றாவது வருஷம். நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மைக்கில் "செவலை... செவலை..." என்று கேட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார்.

"ஏ அஞ்சல! இன்னாடி இன்னும் குந்திக்கினு இருக்கிற? செவல ஃபர்ஸ்ட்டு வந்துடுச்சு! அடுப்ப மூட்டுடி!"

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விறகை அடுக்கி, வெல்லம் தட்டி, சர்க்கரைப் பொங்கலுக்கு உலை வைத்தார். எனக்குத் தலை பின்னிவிட்டார். தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், எல்லோருக்கும் வாழையிலை கிழித்து வைத்தார்.

பொங்கல் ஆறியும் அப்பா வரவில்லை.

பந்தயத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் கோட்டைத் தாண்டுகிற குதிரைதான் ஜெயித்த குதிரை. மேலே ஆள் இருக்கிறானா, இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மலையடிவாரத்தில் திரும்பும்போது அப்பா கீழே விழுந்துவிட்டார். செவலை நிற்காமல் தனியாகவே ஓடி வந்து ஜெயித்துவிட்டது. ஜனம் மொத்தமும் குதிரைக்குப் பின்னால் ஓடியது. மரவள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஒருவர்தான் வரப்போரம் கிடந்த அப்பாவைப் பார்த்து மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டிருக்கிறார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அப்பா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"செவல இன்னா ஆச்சு?"

"ஜெயிச்சிடுச்சு. நீங்க பேசாம படுங்க," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார்... அந்தச் சிரிப்பை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பா வரப்போரம் கிடந்த நேரத்தில் தான் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்ததை எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறார். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அந்த அழுகை நிற்காது.

இடுப்பெலும்பு கூடியது, நடை கூடவில்லை. அப்பா அதன்பிறகு குதிரை ஏறவே இல்லை.

கோயில் மதிலில் ஜெயித்தவர்கள் பெயரை நீல பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வருஷம், குதிரை, உடையவர், ஓட்டியவர். இரண்டு வரியில் அப்பா பெயர் இருக்கும். மூன்றாவது வரியில் அந்த இடத்தில் வெறும் கோடு. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நிற்பார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அந்த மனக்குறை அவருக்குப் போகவே இல்லை. போன வருஷம் அந்தக் குறையோடுதான் கண் மூடினார்.

இப்போது பந்தயம் ரொம்ப மாறிவிட்டது. ஹெல்மெட் கட்டாயம். கூடவே ஆம்புலன்ஸ் வருகிறது. ஆள் விழுந்தால் அந்தக் குதிரை கணக்கில் இல்லை. ஓட்டுகிறவர் பெயரைத்தான் மைக்கில் முதலில் சொல்கிறார்கள். ஓட்டுகிறவர்களின் பெண்சாதிகள் முன்வரிசையில் நின்று கத்துகிறார்கள்... சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் இதையெல்லாம் லைவில் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் வயிறும் எரிகிறது.

போன வாரம் விழாக் கமிட்டிப் பையன் ஒருவன் போன் பண்ணினான்.

"அக்கா, மதில்ல இருக்கிற பேரெல்லாம் கல்லுல வெட்டப் போறோம்க்கா. அந்தக் கோடு போட்ட எடத்துல உங்க அப்பா பேரையே போட்டுடலாம்னு பேசிக்கினு இருக்கோம். இன்னா சொல்றீங்க?"

போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு, உடனே ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். குதித்துக்கொண்டு சொன்னேன்.



"வேணாம்னு சொல்லிடு," என்றார் அம்மா. "அன்னிக்குக் குதுர தனியா வந்துச்சு. அவுரு தனியாக் கெடந்தாரு. இப்ப வந்து ரெண்டையும் சேத்து எழுத வேணாம்."