அமெரிக்கக்காரி வீட்டுத் துக்கம்

இராக்கில் போர் தொடங்கியதற்கு அடுத்த குளிர்காலம் அது. கனடாவில், மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு வாடகைக் குடியிருப்பின் மாடியில் இருந்தோம். கணவருக்கு அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. நான் மதுரையில் பிறந்து, பதினைந்து வயதில் பெற்றோருடன் ஒஹையோவுக்குப் போனவள். கையில் இருந்தது அமெரிக்க பாஸ்போர்ட்.

வேடிக்கை என்னவென்றால், ஒஹையோவில் இருந்தவரை ஒருவர்கூட என்னை அமெரிக்கப் பெண் என்று சொன்னதில்லை. "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். மொன்றியல் வந்த பிறகுதான் நான் அமெரிக்கக்காரி ஆனேன். முனைக் கடைக்காரர் என் ஆங்கிலத்தைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துவார். முருகன் கோயில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "உங்கட ஆக்கள் ஏன் இராக்கிலை போய் நிக்கினம்?" என்று சோற்றுக்கும் பாயசத்துக்கும் நடுவில் விசாரிப்பார். என்னைக் கேட்டுக்கொண்டா படை அனுப்பினார்கள்? பதில் சொல்லி அலுத்துப்போய், சிரித்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

கீழ்வீட்டில் திருகோணமலை அக்கா ஒருவர் இருந்தார். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் சும்மா விடமாட்டார். கடலை அவித்துக் கொண்டுவந்தால் நான் தேங்க்ஸ் சொல்வேன். "எதுக்கெடுத்தாலும் தேங்க்ஸ்! அமெரிக்கக்காரிக்கு வாய் நோகாதோ?" என்பார். அவர் வீட்டுக்குப் போகுமுன் நான் போன் செய்து கேட்பது அதைவிடப் பெரிய தமாஷ். "படி இறங்கி வாறதுக்குப் போனோ?" என்று சிரிப்பார். ஆனால் ஒருநாள் அவர் திடீரென்று வந்து நின்றபோது, வீடு கிடந்த கோலத்தில் நான் திருதிருவென்று விழித்ததைக் கவனித்திருக்க வேண்டும். அதன்பிறகு அவரும் போன் செய்துவிட்டே வந்தார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று மதுரைக்கே திரும்பியிருந்த அப்பா, அந்த ஜனவரியில் திடீரென்று காலமானார். அம்மா ஏற்கெனவே இல்லை. நான் ஒரே பிள்ளை. எனக்கு எட்டாம் மாதம், விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாகக் கணவர், செய்தி வந்த அன்று காலையிலேயே கிளம்பினார். அவர் போனதும் கீழ்வீட்டு அக்காவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ பிள்ளை" என்றார். பேந்து கதைக்கிறன் என்று, பிறகு பேசுவதாகச் சொல்லி, வைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாராவது வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் நிற்பேன். ஒருவரும் மேலே வரவில்லை. வாருங்கள் என்று துக்க வீட்டிலிருந்து யார் அழைப்பு விடுவார்கள்? எங்கோ செத்துப்போன ஒரு மனிதருக்காக, அமெரிக்கக்காரி வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் வரை அழுதேன். அப்புறம் அழுகையும் வரவில்லை.

இருட்டத் தொடங்கும்போது போன் அடித்தது. "பிள்ளை, நாங்கள் வரலாமோ? உங்களுக்கு வசதிப்படுமோ?" அதே குரல் கதவுக்கு வெளியேயும் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். அக்கா, அவர் கணவர், பக்கத்து வீடுகளில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவின் ஒரு கையில் போன், மறுகையில் சோற்றுப் பாத்திரம்.

எனக்கு வந்ததென்னவோ கோபம்தான். "இன்னைக்குமா போன் பண்ணிட்டு வருவீங்க?" என்று கத்திவிட்டேன்.

"காலமையே இங்கை வர வெளிக்கிட்டனான் பிள்ளை," என்றார் அக்கா. "அமெரிக்கக்காரர் இப்பிடி நேரத்திலை தனிய இருக்கத்தான் விரும்புவினம், போய்க் கரைச்சல் குடுக்காதை எண்டு இவர்தான் மறிச்சவர். பேந்து என்னாலை பொறுத்திருக்க ஏலேல்லை."

அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைச் சொல்லி என்ன? போன் செய்யாமல் வந்தால் எனக்குப் பிடிக்காது என்று அந்த வீட்டுக்கே தெரியும். அக்காவின் தோளில் சாய்ந்து அழுதேன்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அக்காவே சோறு பிசைந்து கையில் தந்தார். அவர் கணவர், அப்பா என்ன வேலை பார்த்தார், எப்படிப்பட்டவர் என்றெல்லாம் கேட்டார். அப்பாவைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசியது அன்றைக்கு அப்போதுதான். அமெரிக்காவைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

புறப்படும் நேரம் வந்தது. பழக்கதோஷத்தில் தேங்க்ஸ் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு என் கன்னத்தை ஒருமுறை தடவினார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. பேசாமல் படியிறங்கினார். மற்றவர்களும் அப்படியே, ஒருவர் பின் ஒருவராக, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது கதவைச் சாத்தும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு பல ஊர் மாறிவிட்டோம். ஆனால் வரலாமா என்று கேட்டு வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போன அந்தச் சத்தம், என் அப்பாவின் சாவுக்கு முறைப்படி ஒரு துக்க வீடு இருந்தது என்ற ஆறுதலாக இன்னும் என் காதில் இருக்கிறது.