பட்டி வைத்து அடைத்த ஓட்டை

கோமதித் தாயை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் வடிவு. ஊர் சங்கரன்கோவில். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அதுதான் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

போன ஆனி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் நாராயணன், குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மில் வேலைக்கு வரும் பெண்களை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பதினெட்டுப் பேர். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அடியில் மடாரென்று சத்தம். வண்டி நடுவில் தொய்ந்து தரையில் உரசி நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஒரே கூச்சல். பின்பக்கக் கண்ணாடியை உடைத்துத்தான் ஒவ்வொருவராக இறக்கியிருக்கிறார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த முத்துமாரிக்கு நெற்றியில் நாலு தையல். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வண்டி வேகமாகப் போகும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டத்தைச் சேஸ் என்பார்கள். அதில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, இது இரும்பே இல்ல, அப்பளம். மேலதான் பெயிண்டு மினுங்குது. உள்ள பூராவும் இத்துப் போச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றேன். ஏனென்றால் அந்தப் பெயிண்டை அடித்தவள் நான்.

எங்கள் பக்கம் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்கப் போகும் முன், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்துவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம் இல்லையா, அந்த மாதிரி. அந்த வேலையை நான்தான் செய்வேன். ஆள் விட்டால் பூசியும் பூசாமலும் போய்விடுவான் என்று எனக்கு ஒரு வீம்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி அடிக்கும்போது சேஸின் நடுப்பகுதியில் புளியங்கொட்டை அளவு ஓட்டை ஒன்றைப் பார்த்தேன். குச்சியை விட்டுக் கிண்டினேன். துரு பொலபொலவென்று கொட்டியது. மறுநாள் எஃப்.சி. சொன்னால் இவர் பதறுவார், வண்டி நின்றுபோகும். பெயிண்ட் கடையில், சுவர் விரிசலில் பூசுகிற பட்டியை வாங்கி அந்த ஓட்டையை அடைத்தேன். காய்ந்ததும் மேலே இரண்டு கோட் பெயிண்ட். எஃப்.சி. கிடைத்துவிட்டது. அம்மனுக்கு அர்ச்சனைகூடச் செய்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

வண்டி உடைந்த பிறகு திருநெல்வேலியில் இருக்கும், வேனைச் செய்த கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டோம். பழைய வண்டி, கைமாறி வந்த வண்டி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று வைத்துவிட்டார்கள். மில்லில் வேறு வேன் அமர்த்திக்கொண்டார்கள். தீபாவளிக்குள் வண்டி சரியாகி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"ஏட்டி, என்னை நம்பி ஏறுன பிள்ள நெத்தியில ரத்தத்தோட இறங்குது. நான் எதைப் பாக்காம விட்டேன்னு தெரியலயே" என்று அழுதார்.

பார்த்தது நான். மறைத்தது நான். அழுவது அவர். அந்த நேரத்தில்கூட என் வாய் திறக்கவில்லை.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் இது. கொடி ஏறியபின் கோவிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றினால் அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. ஆடிச்சுற்று என்று சொல்வோம். நானும் நேர்ந்துகொண்டு சுற்றினேன். "தாயே, எங்க வண்டிய எங்களுக்குத் திருப்பிக் குடு" என்று மட்டும்தான் கேட்டேன். பட்டியைப் பற்றி அவளிடமும் பேசவில்லை. அவளுக்குத் தெரியாதது போல!

நாற்பதாவது சுற்று இருக்கும். சிவகிரியிலிருந்து வந்த ஒரு பெண் என்னோடு சேர்ந்து நடந்தாள். சுற்றும்போது இன்னாருக்காகச் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்தானே. நான் வண்டிக் கதையைச் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"எங்க அண்ணன் வண்டியும் இதே மாடல்தான்க்கா. இதே எடத்துலதான் இத்துப் போச்சு. சட்டத்துக்குள்ள போற தண்ணி வடியதுக்கு வழி வைக்காம செஞ்சிருக்காங்க. கம்பெனியே புதுச் சேஸ் மாத்திக் குடுத்துச்சு. லெட்டர் வந்துச்சே, ஒங்களுக்கு வரலியா?"

எங்களுக்கு வரவில்லை. கடிதம் போனது வண்டியை முதலில் வாங்கியவருக்கு. வண்டி எத்தனை கை மாறினாலும் சேஸ் நம்பர் மாறுவதில்லை. இப்போது யார் பெயரில் ஓடுகிறது என்பதும் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. தேட மனது இருந்தால் எங்களைத் தேடியிருக்கலாம். விற்றதோடு கம்பெனிக்காரன் கைகழுவலாமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு அடுத்த அடி வைத்தபோதுதான் உறைத்தது. கம்பெனி தன் ஓட்டையைச் சொல்லாமல் விட்டது என்றால், நான் மட்டும் என்ன செய்தேன்?

மீதிச் சுற்றுகளைச் சுற்றி முடித்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. சன்னதியில் நின்று அழுதேன். "அடைச்சது நான்தான் தாயே. சொல்லதுக்குத் தைரியம் குடு." என் வேண்டுதல் அப்படி மாறிப்போனது. வண்டியைக் கேட்க மறந்தே போனேன்.

மறுநாள் இருவரும் திருநெல்வேலிக்குப் போனோம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சேஸ் மாத்திக் குடுக்க அந்தத் திட்டம் போன வருஷத்தோட முடிஞ்சுட்டும்மா. ஒங்க வண்டி அதுக்கப்புறம் இத்திருக்கும்" என்றார். விடாமல் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தோம். ஆவணி பிறந்ததும் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர், வண்டி நின்ற பட்டறைக்கே வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து இப்படி இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு வருடமாக இருக்கிறது என்று சொன்னால் திட்டம் நடந்த காலத்துக்குள் வந்துவிடும். ஆனால் தெரிந்தே மறைத்தாயா என்று கேட்டு ஒன்றும் இல்லாமலும் ஆக்கிவிடலாம். இவர் என் முகத்தில் இனி விழிப்பாரா என்பதும் தெரியாது. அம்மனை நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன். பட்டி, பெயிண்ட், எல்லாவற்றையும்.

பட்டி வைத்த அன்றைக்கு என் மகள் கேலியாக எடுத்த போட்டோ ஒன்று என் போனில் கிடந்தது. முகமெல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டு, கையில் பட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். தலைக்கு மேலே அந்த ஓட்டை. தேதியும் இருந்தது. இன்ஜினியர் அதை நெடுநேரம் பார்த்தார். எங்கள் சர்வீஸ் பில்களை வாங்கிப் புரட்டினார்.

"நீங்க அடைச்சது பெரிய தப்பும்மா. ஆனா துரு வெளிய இருந்து வரல, உள்ள இருந்து வந்திருக்கு. நீங்க அடைக்கதுக்கு முந்தி, அதே வாரம் வண்டி எங்க ஒர்க்‌ஷாப்புக்கு சர்வீஸுக்கு வந்திருக்கு. அங்க பாத்தவங்க கண்ணுக்கு இது தப்பியிருக்கக் கூடாது. லெட்டரும் ஒங்களுக்கு வரல. இது எங்க பொறுப்பு. அப்படியே எழுதுதேன்" என்றார்.

எழுதினார். புரட்டாசியில் புதுச் சேஸ் வந்தது, தண்ணீர் வடியும் துளைகளோடு.

இன்ஜினியர் போன பிறகு இருவரும் வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் கேட்டார்: "ஒத்தையிலயா இம்புட்டு நாளும் இதச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச?" அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது எஃப்.சி.க்கு முன்னால் நான் பெயிண்ட் டப்பாவைத் தொடுவதில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கிறேன். மற்ற வேன்காரர்களிடமும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். ஒருவர் வண்டியில் சுத்தியல் உள்ளே போன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மில்லுக்கு மறுபடி வண்டி ஓடிய முதல் நாள் நானும் கூடப் போனேன். பெண்கள் ஏறவில்லை. வண்டியைப் பார்த்தபடி தள்ளி நின்றார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. நடு ரோட்டில் நின்று சொன்னேன், ஓட்டையை நான் பார்த்தேன், பட்டி வைத்து மூடினேன், அதன் மேல்தான் இரண்டு வருடம் உங்களை உட்கார வைத்தேன் என்று. கும்பிட்டேன். முத்துமாரி நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்லாக்கா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"அதனாலதான் சொல்லுதேன் மக்கா" என்றேன்.

அவள் சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். அதே கதவோரத்தில் போய் உட்கார்ந்தாள். "வாங்கட்டி, மில்லுக்கு நேரமாகுது" என்று மற்றவர்களையும் கூப்பிட்டாள்.

என்னைப் போல எதையாவது மூடி வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். கோமதித் தாயிடம் வாருங்கள். வேண்டியதைக் கேட்கும் முன் மறைத்ததைச் சொல்லுங்கள். அவள் கைவிட மாட்டாள்.