பானெட்டைத் திற, தம்பி

அண்ணிக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது. பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பாள். கடையில் நிறுத்து வாங்கிய வெங்காயத்தை வீட்டுத் தராசில் மீண்டும் ஏற்றுவாள். கணவர் தும்மினால்கூட, “நிஜத் தும்மலா, இல்ல கடைக்குப் போகாம இருக்கறதுக்கா?” என்று கேட்பாள். பல் செட் செய்து பிழைக்கும் மனிதர் அவர். தெருவில் பாதிப் பேரின் வாயை அளவெடுத்தவர், சொந்த வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அண்ணி என்பது பந்தயத் திடலில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கணவரின் தம்பி ஒருநாள் அவளை அங்கே கூட்டிப்போய் “அண்ணி, அண்ணி” என்று அழைக்கப்போக, தாடி வைத்தவன், தலை நரைத்தவன் என்று எல்லோருக்குமே அண்ணியாகிப் போனாள்.

அவள் தொழில் ஆல்டர்நேட்டருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுவது. கார் எஞ்சினோடு சேர்ந்து சுற்றி, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் உருண்டைதான் ஆல்டர்நேட்டர். மின்விசிறி மோட்டார்ப் பட்டறை ஒன்றில் வேலை கற்று, பிறகு வீட்டின் முன்னறையையே தன் பட்டறை ஆக்கிக்கொண்டவள். எரிந்து கரியாகிப்போன காயிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்பார்கள். அண்ணி அந்தக் காயிலை மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு வந்தவரின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தைப் பார்க்கும் நேரம்தான் எப்போதும் அதிகம்.

திடல் என்றது பழைய விமான ஓடுபாதையை. விமானங்கள் வராமல் போனபின் புல்லும் கார்களும் வந்தன. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நின்று, பச்சை விளக்கு விழுந்ததும் கால் மைல் நேராகப் பாய வேண்டும். வளைவு கிடையாது, பிரேக் போடும் வேலை கிடையாது, ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும். அதில் ஒரு பிரிவுக்கு ‘வீட்டு வண்டி’ என்று பெயர். வாரமெல்லாம் வேலைக்குப் போகும் கார்தான் அதில் ஓடலாம்.

அந்தப் பிரிவின் விதி ஒன்றே ஒன்று. எஞ்சினின் முகப்பில் மாட்டியிருப்பவை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், பெல்ட்டில் சுற்ற வேண்டும். தண்ணீர் பம்ப், ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்நேட்டர் எல்லாவற்றையும் ஒரே நீளமான பெல்ட் சுற்றுகிறது. எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேருமுன் இந்த நாலு பேரும் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிக்கொள்வார்கள். பெரிய பிரிவுகளில் இவர்களைக் கழற்றி வீசிவிட்டு, பேட்டரியை நம்பியே ஓடுவார்கள். வீட்டு வண்டியில் அது கூடாது. கூடாது என்றதும் மூளை வேலை செய்யத் தொடங்கும் அல்லவா? ஒருவன் ஆல்டர்நேட்டரின் குடலை உருவிவிட்டு வெறும் கூட்டை மாட்டி வந்தான். அண்ணி அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“தம்பி, உள்ள ஆளே இல்லையே. வீட்டப் பூட்டிட்டு எங்க போனாங்க?”

அன்றைக்கே அவளைப் பரிசோதகர் ஆக்கிவிட்டார்கள். அண்ணி ‘சரி’ என்றால் சரி. அந்த ஒரு சொல்லுக்குத் திடலே கட்டுப்பட்டது. பட்டறையில் அவளுக்குக் கிடைக்காத மரியாதை அது.

அந்த மரியாதைக்குத்தான் இந்த ஆண்டு ஆபத்து வந்தது, அதுவும் சொந்த வீட்டிலிருந்து.

கொழுந்தன் ஓட்டியது ஒரு சாம்பல் நிறக் கார். வழக்கமாக முதல் சுற்றிலேயே தோற்று, மிச்ச நேரம் தேநீர்க் கடையில் நின்று மற்றவர்களுக்கு யோசனை சொல்வான். அப்படிப்பட்டவன் இந்த முறை வரிசையாக ஜெயித்தான். எஞ்சினில் புதிதாக எதையும் மாட்டவில்லை. டயரும் பழசுதான்.

கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர் அதே மாடல் காரை நீலத்தில் வைத்திருந்தான். அரையிறுதியில் கொழுந்தனிடம் தோற்று இறங்கியவன், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “காயில் கட்டறதும் அண்ணி, செக் பண்றதும் அண்ணி. நம்ம வீட்ல காருக்குப் பெட்ரோல் போடவே ஆள் இல்ல.”

சிரிப்பு எழுந்தது. அண்ணியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று முதல் அவள் கொழுந்தனைக் காயிலைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தாள். மாடியில் குடியிருந்த அவன், காரைத் துடைக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்திருப்பான். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவிடுவான். வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங்கைத் தோள் கொடுத்து முக்கித் திருப்பினான். பலத்தை மிச்சம் பிடிக்க ஸ்டீயரிங் பம்பின் எண்ணெயை வடித்துவிட்டானோ என்று, அவன் குளிக்கப் போன நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் நிறைய இருந்தது. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

“எஞ்சின்ல என்ன பண்ணின?” என்று கேட்டாள், சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி.

“ஒண்ணும் பண்ணல அண்ணி.”

“அப்புறம் ஏன் முழிக்கற?”

“நீங்க பாத்தா யாருக்குமே முழி அப்படித்தான் போகும்.”

கணவர் தண்ணீர் குடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

இறுதிப் போட்டியில் கொழுந்தனும் ஒரு ரொட்டிக்கடைக்காரரும் மோத வேண்டும். அதற்கு முன் இருவரும் தனித்தனியாக ஒருமுறை ஒத்திகை ஓடலாம். வெளிச்சம் மங்கத் தொடங்கியதால் ஹெட்லைட்டைப் போடச் சொல்லியிருந்தார்கள். அண்ணி வழக்கமான இடத்தை விட்டு ஓடுபாதையின் மறுகோடிக்கு நடந்து போய் நின்றாள். ரொட்டிக்கடைக்காரரின் கார் கிளம்பியது. வேகம் ஏற ஏற விளக்குகள் இன்னும் வெள்ளையாகப் பளிச்சிட்டன. அடுத்து சாம்பல் நிறக் கார். கிளம்பும்போது வெள்ளையாக இருந்த விளக்குகள், பாதி வழியில் காய்ச்சல்காரன் கண்போல மஞ்சளாகிச் சோர்ந்தன.

எஞ்சின் உறுமும்போது விளக்கு சோர்ந்தால், ஆல்டர்நேட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எங்கேயோ ஒரு திருட்டு சுவிட்ச். பரிசோதனையில் ஓடும், பந்தயத்தில் ஓய்வெடுக்கும்.

திரும்பி நடந்து வந்தாள். எல்லோரும் பார்க்க காரின் முன் நின்றாள்.

“பானெட்டைத் திற, தம்பி.”

“காலையிலதான பாத்தீங்க?”

“ஆல்டர்நேட்டரக் கழட்டு.”

கொழுந்தனின் முகம் வெளிறியது. “அண்ணி, வீட்ல போய்ப் பேசிக்கலாமே.”

“வீட்ல பேசறதுக்கு ஒண்ணுமில்ல.”

பெயிண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கணவர் பின்னால் நகர்ந்தார். ஆல்டர்நேட்டரை வெளியே எடுத்து, ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே அவள் கட்டிய காயில், அவள் கட்டிய நூல் முடிச்சு. ஒரு கம்பிகூடக் கலையவில்லை. ஒயர் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே போனாள். சுவிட்ச் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய மிட்டாய்த் தாள் இருந்தது.

“என்ன அண்ணி, உள்ள ஆள் இருக்காங்களா?” என்றான் பெயிண்டர்.

அவள் காது மடல் சூடேறியது. எல்லோர் முன்னும் சொந்தக் கொழுந்தனைத் திருடனாக்கி நிறுத்தியாயிற்று. காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. ‘சரி’ என்று சொன்னால் வீட்டுப் பாசம் என்பார்கள். ‘தப்பு’ என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை.

ஆல்டர்நேட்டரை மறுபடி மாட்டப் போனாள். தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டை எடுத்தபோது விரல் வழுக்கியது. சொரசொரப்பாக இருக்க வேண்டிய உட்புறம் கண்ணாடிபோலப் பளபளத்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே குறுக்கே வெடிப்புகள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இந்தப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும். வேகமோ சுமையோ ஏறினால் பிடிப்பில்லாமல் வழுக்கும். ஆல்டர்நேட்டர் பின்தங்கும், விளக்கு மங்கும், ஸ்டீயரிங் கனக்கும். நாலு பேரும் கேட்பதைக் கொடுக்கப் பெல்ட்டுக்கே தெம்பில்லை. மிச்சமான பலமெல்லாம் சக்கரத்துக்கு.

“இத மாத்தச் சொல்லி எவ்வளவு நாளாச்சு?”

கொழுந்தன் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்.

“மாத்திட்டேன்னு சொன்னியே.”

“எஞ்சின ஒரு பக்கம் தூக்கிக் கட்டினாத்தான் அண்ணி அது வெளிய வரும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் உங்ககிட்டச் சொல்லப் பயம்.”

“அதான் என்னப் பாத்ததும் பானெட்ட மூடினியா?”

“வேற எதுக்கு மூடுவேன்?”

திருட்டு இல்லை, சோம்பேறித்தனம். விதியும் மீறப்படவில்லை. பெல்ட் இருந்தது, சுற்றவும் சுற்றியது. ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த பந்தயத்துக்கு ஒவ்வொருவனும் பெல்ட்டுக்குச் சோப்புப் போட்டுத்தான் வருவான். சொல்லாமல் விட்டால் கொழுந்தன் திருடனாகவே வீடு திரும்புவான், அவளுடைய ‘சரி’யும் அன்றோடு செல்லாது. சுற்றி நின்ற முகங்களை அண்ணி ஒருமுறை பார்த்தாள். நம்பத்தக்க முகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பெல்ட்டின் தொங்கிய பகுதியை உயர்த்திப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான்தான் தப்பாப் பாத்தேன். இவன் திருடல. பெல்ட் தேஞ்சு போனதால வண்டி வேகமா ஓடியிருக்கு.”

“தேஞ்ச பெல்ட்டுக்குத் தோத்தவன் நானா?” என்றான் பெயிண்டர்.

“புது பெல்ட் இருக்கா உங்கிட்ட?”

இருந்தது. அவன் காரின் டிக்கியில் உறை பிரிக்காமல் கிடந்தது. “என் பெல்ட்ட மாட்டிட்டு ஓடட்டும், பாப்போம்” என்று கொடுத்தான். எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கவும் அவனே வந்து நின்றான். உதவிக்கா, உளவுக்கா என்று அண்ணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெல்ட் ஏறியதும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தாள்.

இறுதிப் போட்டியில் கொழுந்தன் தோற்றான். ரொட்டிக்கடைக்காரர் ஒரு கார் நீளம் முன்னால் போனார். சாம்பல் நிறக் காரின் விளக்குகள் மட்டும் கடைசிவரை வெள்ளையாக இருந்தன. பெயிண்டர் அண்ணியிடம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்குள்ளேயே ரெண்டு பேர் தங்கள் கார்களின் பானெட்டைத் திறந்து பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களை மனதில் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அதே காரில்தான் திரும்பினார்கள். கொழுந்தன் ஓட்டினான். இப்போது ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

“என்னை நீங்க நம்பவே இல்லல்ல?” என்றான்.

“இல்ல.”

“ஒரு நிமிஷம்கூட?”

அண்ணி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். “பெல்ட்ட மாத்திட்டேன்னு சொன்ன பாரு, அத நம்பினேன். திரும்பக்கூடப் பாக்கல. உன் விஷயத்துல நான் நம்பினது அது ஒண்ணுதான்.”

பின்சீட்டிலிருந்து கணவர் இருமினார். அது சிரிப்பா இருமலா என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று சட்டென்று மனதில் தைத்துவிட்டது.

“என்னங்க, கிளம்பும்போது அடுப்ப அணைச்சாச்சுன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“நீங்க அணைச்சீங்களா, இல்ல அணைஞ்சிருக்கும்னு சொன்னீங்களா?”

பின்சீட்டிலிருந்து மறுபடி இருமல்தான் வந்தது. அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, கொஞ்சம் வேகமாப் போ.”