கூழுக்குக் கிடைத்த இதயக் குறி

போன வருடம் ஆவணி மாதம். மலத்தோடு இரத்தம் போகிறதென்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். கமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டுமென்று ஒரு திகதி தந்தார்கள். என் அண்ணன் குடல் புற்றுநோயில்தான் போனவர். அந்தப் பயம் எனக்கு.

சோதனைக்கு முதல் நாள் என்ன சாப்பிடலாம் என்று எழுதிய தாளைத் தந்த தாதி, "ஏதும் கேக்கோணுமோ அண்ணை?" என்றார். பின்னால் வரிசையில் எங்கள் ஊரான பண்டத்தரிப்பு ஆட்கள் இரண்டு பேர். "இல்லை மிஸ்" என்று வந்துவிட்டேன். தாளைப் பிரித்தும் பார்க்கவில்லை. போனிடம் கேட்க வெட்கமில்லையே!

அங்கே வீடியோவில் ஒருவர் மூன்று நாளுக்குப் பழம் தொடாதே என்கிறார். இன்னொருவர் ஒரு நாள் போதும் என்கிறார். மூன்றாமவர் தன் பொடியை வாங்கினால் சோதனையே வேண்டாம் என்கிறார். இடையில் சேலை விளம்பரம் வேறு. கடைசியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரை நம்பினேன். லட்சம் பேர் பார்த்த வீடியோ. முதல் நாள் குடிக்கும் உணவு மட்டும், சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள் என்றார். "ஒடியல் கூழ் குடிக்கலாமா ஐயா?" என்று எழுதினேன். பதில் இல்லை. என் கேள்விக்குக் கீழே அவர் போட்ட ஒரு சிவப்பு இதயம் மட்டும் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மனைவி விடவில்லை. "இஞ்சாருங்கோ, உந்தத் தாளிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

"டொக்டரே ஓம் எண்டிட்டார். நீர் அடுப்பைப் பாரும்."

காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்ட கூழ். இரண்டு கோப்பை குடித்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் தந்த பேதி மருந்தையும் குடித்தேன்.

அடுத்த நாள் குழாயை விட்ட கொஞ்ச நேரத்திலேயே வைத்தியர் நிறுத்திவிட்டார்.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர். கூழ் மட்டும் குடிச்சனான்."

தாதி தலையில் கைவைத்தார். "கூழோ! நண்டும் போட்டதோ அண்ணை?"

"நண்டு போடேல்லை மிஸ். மீன் மட்டும்தான்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. "உள்ளுக்கை ஒண்டும் தெரியேல்லை. திரும்பத்தான் செய்யோணும்."

அடுத்த திகதி ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரமும் இரத்தத்தைக் காணும்போதெல்லாம் அண்ணனின் கடைசி நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. மனைவி அந்தத் தாளைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது: கோப்பையின் அடி தெரியும் தெளிந்த பானம் மட்டும்.

மறுமுறை போகுமுன் வரிசை முழுக்கக் கேட்கத் தாதியிடம் எல்லாவற்றையும் கேட்டேன். சின்னதொரு வளர்ச்சி இருந்தது, வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை.

பிறகு அந்த வீடியோவைத் தேடிப் போனேன். என் கேள்வியும் இதயமும் அப்படியே கிடந்தன. "குடித்துவிடாதீர்கள், ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்று கீழே எழுதினேன். அதற்கு இதயம் வரவில்லை. எங்கள் கூழில் என்ன போடுவோமென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த தாதி முகத்துக்கு நேரே நின்று கேட்டபோது வாய் திறக்காத என்மேல்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.