ஒருத்தரும் ஓடாத நாள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு கோயில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மன்னாரில் அப்பாவோடு மீன்பிடிக்க வள்ளம் ஏறியவன் நான். எந்த இடத்தில் எந்த 'ள' வரும் என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. எழுத்தும் கோட்டில் நிற்காது, ஏறி இறங்கும். கதைக்கக் கூச்சம், எழுதவும் வராது என்றால் ஒரு மனுசன் என்ன செய்வான்? அந்த நாட்களில் அதற்கு ஒரு வழி இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன்.

போன கிழமை மகள் ஜெனிற்றா தொலைபேசி எடுத்தாள். புருசனோடும் பிள்ளைகளோடும் பிரான்சுக்குக் காரில் போய், ரூவான் நகரத்தில் தங்கியிருக்கிறாள். ஒரு நாள் ஆறுதலாகக் கடற்கரைக்குப் போய்வர எது நல்ல இடம், வின்சன் மாமா முந்தி அங்கே இருந்தவர்தானே, உங்களுக்கு ஏதும் தெரியுமா என்று டெனிஷில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டுக் கதை அப்படித்தான் நடக்கும்.

தியெப்புக்குப் போங்கள் என்றேன். காரை விட்டுவிட்டு றெயினில் போங்கள். இறங்கித் துறையை ஒட்டியே நடந்தால் கடல் வரும். மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல், பிள்ளைகளுக்குத் தடித்த செருப்புப் போட்டுவிடு. கல்லுக்கும் ஊருக்கும் நடுவில் பெரிய புல்வெளி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். வெயில் சாயக் குன்றின் மேலே ஏறினால் கடலோடிகளுடைய மாதா கோயில். ஒரு மெழுகுதிரி கொளுத்து.

டெனிஷை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் எப்ப அங்கை போனனீங்கள்?"

"போகேல்லை" என்றேன்.

போனை வைத்த பிறகு, ரப்பர் செருப்பின் மணம் மூக்கில் வந்து நின்றது. கடையில் புதிதாக எடுத்து மூக்கில் வைத்தால் வருமே, அந்த மணம். அது எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முதல் மற்றதைச் சொல்லவேண்டும்.

சண்டைக்குத் தப்பி அகதியாக வந்த அந்த நாட்களில் நான் டென்மார்க்கில், இந்த ஓகூஸ் நகரத்தில், குணம் அண்ணையோடு ஒரு மாடி வீட்டில் இருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்தில் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர். டெனிஷ் கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொல்வார். அவருடைய மனைவி பிள்ளைகளும் ஊரில், என் மனைவி பிலோமினாவும் மகளும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில். அவர்களைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்களை ஒரு மந்திரி மேசையிலேயே கிடக்கவிட்டார் என்பது பிறகுதான் வெளியில் வந்தது. அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்தார்கள். ஒரு அரசாங்கமே அதால் விழுந்தது. ஆனால் நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் விடயம் பார்க்கப்படுகிறது, அந்த ஒரே வசனம்தான் வரும். குணம் அண்ணை அதை ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிபெயர்ப்பார், பாவம்.

எங்கள் ஊரில் சிறகுவலை என்று ஒன்று உண்டு. கடலில் தடி நட்டுக் கட்டுவது. அதற்குள் போன மீனுக்குத் தண்ணீர் இருக்கும், நீந்த இடம் இருக்கும், வெளியே போகத்தான் வழி இராது. நான் அப்படி இருந்தேன். விலாசம் மாறினால் விண்ணப்பம் பின்னுக்குப் போய்விடும் என்று யாரோ சொன்னதால் வீடு மாறவில்லை. வேலையும் மாறவில்லை. துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கடல் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் கதவில் கடிதம் போடுகிற வெட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் மனம் கொஞ்சம் விடும், அன்றைக்குத் தபால் இல்லை.

முதலில் சொன்ன அந்த வழிக்கு, குரல் பதிகிற கசற்றுக்கு வருகிறேன். பிலோவின் அண்ணன் வின்சன் ரூவானில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான். தனிக்கட்டை, வாயாடி. அவன்தான் முதல் கசற்றைப் பேசி அனுப்பினான். ஒரு பக்கத்தில் அவன் கதைத்து எனக்கு அனுப்ப, மிச்சத்தில் நான் கதைப்பேன். அது கொட்டாஞ்சேனைக்குப் போகும். மற்றப் பக்கத்தில் பிலோவும் மகளும் கதைத்து எனக்குத் திருப்பி அனுப்புவார்கள், கேட்டுவிட்டு நான் வின்சனுக்கு அனுப்புவேன். அடுத்த முறை அதே கசற், பழையதன் மேல் புதியது. அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். முந்தி நீளமாகக் கதைத்து, பிறகு குறையக் கதைத்தால், கடைசியில் பழைய குரல் வால் மாதிரிக் கொஞ்சம் மிஞ்சி நிற்கும்.

வின்சன் சுகம் விசாரித்துவிட்டு உடனே திட்டத்துக்கு வந்துவிடுவான். பின்னால் கோப்பைகள் முட்டுகிற சத்தம் கேட்கும்.

"நீங்கள் வந்து சேர்ந்த முதல் கோடையிலை, ஒரு திங்கக்கிழமை, எனக்கு லீவு. தியெப்புக்குப் போறம். விடியவே எழும்பத் தேவையில்லை, பத்து மணி றெயின் காணும். தவறினால் அடுத்ததிலை போவம். அண்டைக்கு ஒருத்தரும் ஓடுறேல்லை."

எனக்கு இது முதலில் விளங்கவில்லை. எங்களுக்குக் கடலுக்குப் போகிறது என்றால் தொழிலுக்குப் போகிறது. சும்மா போய் இருந்துவிட்டு வருவதற்கு எங்களிடம் ஒரு சொல்லே இல்லை. பிலோவும் விடவில்லை.

"கடலைப் பாக்க இவ்வளவு கதையோ? எங்கடை கடல் கேட்டால் சிரிக்கும். அண்ணை, புட்டுக் கொண்டு போறதெண்டால் நான் வரேல்லை. ஆறினால் கல்லு. அங்கை ஏற்கெனவே கல்லுத்தானே."

அந்தப் புட்டுச் சண்டை பிரான்சுக்கும் கொழும்புக்கும் இடையில் பல மாதம் நடந்தது. கடைசியில் பாணும் கருவாட்டுச் சம்பலும் என்று முடிவாயிற்று. கருவாட்டோடு ஏறினால் உங்களுக்கு ஒரு பெட்டி முழுக்கத் தனியாகக் கிடைக்கும் என்று குணம் அண்ணை சொன்னார். அவருக்கும் திட்டம் பாடமாகிவிட்டது. என் கசற்றை அவரும் இருந்து கேட்பார். அவருடைய மனைவிக்குக் கசற்றில் கதைக்க வெட்கம்.

மகள் ஒரு முறைதான் திட்டத்துக்குள் வந்தாள். நான் ஊரை விட்டு வரும்போது கைக்குழந்தை. அப்போது ஐந்து வயது. மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்துக் கேட்டாள்.

"மாமா, அந்தக் கடலிலை நேவி வருமோ?"

மன்னார்க் கரையில் பிறந்த பிள்ளை. கடலில் கப்பல் தெரிந்தால் தாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அதுதான் அவளுக்குத் தெரிந்த கடற்கரை. வின்சன் அடுத்த கசற்றில் பதில் சொன்னான். அன்றைக்குப் பின்னால் கோப்பைச் சத்தம் இல்லை.

"இல்லைக் குஞ்சு. ஒரு வெள்ளைக் கப்பல் வரும். இங்கிலாந்தாலை வாறது. அதிலை நிக்கிற ஆக்கள் கை காட்டுவினம். நீயும் காட்டு."

அந்தக் கிழமைதான் கடையில் ஒரு சோடி சிவப்பு ரப்பர் செருப்பு வாங்கினேன். அடி தடித்தது, கல்லுக்கு ஏற்றது. ஐந்து வயதுக் கால் எவ்வளவு இருக்கும் என்று விற்கிற பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நானே விரலால் அளந்து எடுத்தேன். அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

எனக்கு அகதிகளுக்குக் கொடுக்கிற நீலக் கடவுச்சீட்டு இருந்தது, பிரான்சுக்குப் போய்வரலாம். நீ மட்டும் ஒருக்கா வாவன், நாங்கள் ரண்டு பேரும் பார்த்துவிட்டு வருவோம் என்று வின்சன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் போகவில்லை. நான் இல்லாத நேரம் கடிதம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த நாளை நான் தனியாகத் தொட்டால் அவர்களுக்கு மிஞ்சாது போல இருந்தது. ஓகூஸ் கடற்கரைக்கும் போகவில்லை. கோடையில் ஊரே அங்கே கிடக்கும், நான் யன்னலைச் சாத்திவிட்டு இருப்பேன். "விசரா, கடல் என்ன, கரைஞ்சு போயிடுமோ?" என்பார் குணம் அண்ணை. பிறகு அவரும் வந்து பக்கத்தில் இருப்பார்.

ஒரு நாள் கொட்டாஞ்சேனைக் கசற் வந்தது. பிலோ அவசரமாகக் கதைத்தாள். "வீசா வந்திட்டுது. வாறம். மிச்சம் நேரிலை." பிறகு மகள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல: "அப்பா, நாங்கள் சுகம். நான் இப்ப மூண்டாம் வகுப்பு." அவ்வளவுதான். நான் அழுதுகொண்டு நிற்பாட்டப் போனேன், கண்ணீர் மறைத்ததில் பொத்தான் தவறிவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, வாலில் மிஞ்சிய பழைய குரல்.

"...அந்தக் கடலிலை நேவி வருமோ?"

மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதைத்து முடித்த இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை நின்றது. அந்த வாலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

விமான நிலையத்தில் வந்து இறங்கியவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். தாயின் பின்னால் நின்று என்னை 'அவர்' என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கொடுத்தேன். மரியாதைக்குக் காலை நுழைத்துப் பார்த்தாள். குதிக்கால் முழுதும் வெளியே நின்றது. வடிவா இருக்கு, நன்றி என்றாள், முன்பின் தெரியாத மாமா ஒருவருக்குச் சொல்வது போல.

அந்தக் கோடைக்கு முதலே வின்சனுடைய அகதி விண்ணப்பத்துக்குப் பிரான்சில் மறுப்பு வந்துவிட்டது. ஒரு முகவரைப் பிடித்துக் கனடாவுக்குப் போய்விட்டான். எங்களுக்குக் கதவு திறந்தபோது அவனுக்குப் பூட்டினார்கள். கன காலத்துக்குப் பிறகு ரொறொன்ரோவில் இருந்து கதைக்கும்போது பகிடியாகக் கேட்டேன், தியெப்பில் அந்தப் புல்லு நீ சொன்ன மாதிரி அவ்வளவு பெரிசோ என்று. அவன் சிரித்தான்.

"ஆருக்குத் தெரியும்? நான் எங்கை மச்சான் போனனான்? எங்கடை சமையல்காரன் அந்த ஊர் ஆள். அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னனான். நீங்கள் வந்தாப் போவம் எண்டு இருந்திட்டன்."

றெயினில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத கடல். அவனும் யன்னலைச் சாத்திவிட்டு இருந்திருக்கிறான்.

அதோடு திட்டத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. இங்கே பிறந்த எங்கள் மகன் பெரியவனாகி, மேசை லாச்சியில் கிடந்த அந்தக் கசற்றை எடுத்து றேடியோப் பாட்டுப் பதிந்துவிட்டான். இரண்டு பக்கமும், கடைசி வரைக்கும். அவனை ஏச முடியுமா? நாங்களும் பழையதன் மேல் புதியதைப் பதிந்துதானே வாழ்ந்தோம்.

இன்று மத்தியானம் ஜெனிற்றா மறுபடியும் எடுத்தாள். காற்றுச் சத்தத்துக்குள் டெனிஷில் கத்தினாள். நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கு, கல்லு, புல்லு எல்லாம். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த பிலோ, றெயினுக்கு ஓடினவையோ என்று கேள் என்றாள். கேட்டேன். பத்து மணி றெயின் தவறிவிட்டது, அடுத்ததில் வந்தோம், என்ன அவசரம் என்றாள். பிறகு, ஒரு வெள்ளைக் கப்பல் வருகிறது, பிள்ளைகள் கை காட்டுகிறார்கள் என்றாள்.

"கப்பலிலை நிக்கிற ஆக்களும் காட்டுகினமோ?" என்று கேட்டேன்.

இது என்ன கேள்வி என்று நினைத்திருப்பாள்.

"தூரம். வடிவாத் தெரியேல்லை" என்றாள் தமிழில். பிறகு, "ஓம் அப்பா. ஒராள் காட்டுறார்."

அந்த வெள்ளைக் கப்பல் யாருடைய கேள்விக்கு வந்த பதில் என்று அவளுக்கு ஞாபகமில்லை, நான் சொல்லவும் இல்லை. வின்சன் போன மாரியில் ரொறொன்ரோவில் இறந்துபோனான். குணம் அண்ணை லண்டனில், ஆளை மறந்துபோகிற வருத்தம். கசற் போடுகிற பெட்டி எங்கள் வீட்டில் இல்லை, யார் வீட்டிலும் இல்லை. நேவி வருமோ என்று கேட்ட ஐந்து வயதுப் பிள்ளை எந்த விமானத்திலும் வந்து இறங்கவில்லை. செருப்பு மட்டும் இருக்கிறது. இப்போது எடுத்து மணந்து பார்த்தேன், ரப்பர் மணம் போய்விட்டது.

ஓகூஸ், 12 ஆவணி 2018, ஞாயிற்றுக்கிழமை.