சித்தியின் நிறத்தில் ஒரு பவுடர்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா சாமி கும்பிடப் போகிறவர்கள் இல்லை. அதனால், ஞாயிற்றுக்கிழமை சித்தியையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் போகிறோம் என்று அம்மா சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் என் முழுநேர வேலை.

திருப்பாதிரிப்புலியூர் ஃபேன்சி ஸ்டோரில் அது இன்னும் வலுத்தது. அம்மாவின் தங்கையான சித்தி, வேலைக்குக்கூட முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்புகிறவள். அவள் போய் எண்ணெய் வழியாமல் இருக்க ஒரு பவுடர் கேட்டாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நிறம், ஒரே எண்ணெய் மூக்கு. ஆகவே சோதனையெல்லாம் என் கன்னத்தில்தான். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக ஒற்றி, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கொஞ்சம் வெளுப்பாக எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்றாள். அம்மாவுக்கும் அதன்மேல்தான் கண்.

"பளிச்சுனுலாம் வேணாங்க. என் கலர்லயே குடுங்க. வழியாம இருந்தா போதும்" என்றாள் சித்தி.

பூசியதே தெரியாத பவுடரை யாராவது வாங்குவார்களா? இவர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

சிதம்பரத்தில் இறங்கியதும் சித்தி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் அளவாகப் பவுடர் போட்டுக்கொண்டாள். கோயில் பிராகாரத்தில் தற்செயலாக ஒரு குடும்பம் எதிரே வந்தது. அந்தத் தற்செயலுக்காக அம்மா வெகுநேரமாகக் காத்திருந்தாள். மாப்பிள்ளை தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா சிரித்தபடியே சித்தியின் கன்னங்களை இரண்டு கைகளாலும் வழித்தார். திருஷ்டி கழிக்க வழித்தால் கையோடு நெட்டி முறிப்பார்கள். அந்த அம்மா முறிக்கவில்லை. விரல்களை வெளிச்சத்தில் பிடித்து, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

சித்தி குரலை உயர்த்தவில்லை. "குளம் அந்தப் பக்கம் இருக்குதுங்க. வாங்க, மூஞ்சக் கழுவியே காட்டுறேன்."

அதற்குப் பிறகு யாரும் சாமி கும்பிட்டதாக நினைவில்லை. அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் ஜன்னலோரம் சித்தியின் முகம் பழையபடி மினுமினுத்தது, அதுவும் கண்ணுக்குக் கீழேதான் அதிகம். பையிலிருந்து பவுடரை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே பார்த்தாள். இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியும் எண்ணெய் நிற்கவில்லையே, கடைக்காரப் பெண் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டாள் என்று, கடலூர் வரும்வரை அவள்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.