நாலு மணி நேரம் ஓடுமா?

என் கணவர் இருபத்தேழு வருடம் லோரி ஓட்டியவர். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போவார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கிள்ளானில் ஒரு நிலையத்தில் அவருக்கு டயாலிசிஸ்.

நான் கூடப் போனதில்லை. போக முடியவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கஸ்டம்ஸ் படிவங்கள் நிரப்பி அனுப்புவது என் வேலை. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. படிவம் ஒரு மணி நேரம் தாமதமானால் மூன்று பேர் போன் அடிப்பார்கள். வரவேற்பறையில் இருந்த டெஸ்க்டாப்போ இடத்தைவிட்டு நகராத பண்டம். அதன் விசிறி போடும் இரைச்சலில் டிவி சத்தம் கேட்காது; மத்தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கால் வேகும். மாதக் கடைசியில் வரும் கரண்ட் பில்லைப் பார்த்தால் வயிறும் வேகும். எட்டு வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடித்து இறங்கியவர் படிக்கட்டிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அவரை ஏற்ற வந்த வாடகைக் கார் ஓட்டுநர்தான் எனக்குப் போன் செய்தார். திரையில் ஒரு படிவம் பாதி நிரம்பியிருந்தது. அதை முடித்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆறு நிமிடம் இருக்கும். அந்த ஆறு நிமிடத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சாதாரணமாக, கடைக்குப் போய்வருகிறேன் என்பதைப்போல, சொன்னார்.

“நாலு மணி நேரம் தனியா கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன். போதும்னு தோணுது. இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம் லா.”

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. கையிலிருந்த சட்டியை நங்கென்று வைத்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் நிலையத்தின் தலைமைத் தாதியைப் போனில் பிடித்தேன். ஊசி குத்தி முடித்த பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம் என்றார். ஆனால் சுவரில் இருக்கும் ப்ளக் அத்தனையும் இயந்திரங்களுக்கு. ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. ஆக, சார்ஜர் இல்லாமல் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் ஒரு லேப்டாப் எனக்கு வேண்டும், அதுவும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில். கணவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். நான் வந்து பக்கத்தில் உட்காரப் போகிறேன், அதுவரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வியாழக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே போய்வந்தார். வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டு லேப்டாப் வாங்கப் புறப்பட்டபோது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். வண்டி வாங்கப் போகும்போது டிரைவர் இல்லாமல் எப்படி என்று கேட்டார்.

கொமுட்டர் ரயிலில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். பெரிய கம்பெனிகள் மூன்று வருடம் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும் லேப்டாப்புகளைச் சுத்தம் செய்து, புது பேட்டரி போட்டு விற்கும் கடை அங்கே ஒரு மாடியில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டது ஒரு தமிழ்ப் பெண். நான் போனதும் போகாததுமாக அகலத் திரை வைத்த ஒன்றில் மயங்கிவிட்டேன். விசைப்பலகையில் விளக்கெல்லாம் எரிந்தது. விலையும் கட்டுப்படியானது. அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஃபுல் டேங்க் அடித்தால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். சிரிக்கப் போன அந்தப் பெண், அவர் விளையாடவில்லை என்று புரிந்து, இரண்டரை மணி நேரம் என்றாள்.

“நீ ஏத்துறது வெறும் ஃபாரம். வெண்டிக்காய் ஏத்த டிரெய்லர் எதுக்கு?” என்றார் என்னிடம்.

எனக்கு எரிச்சல். வாழ்வதே போதும் என்ற மனிதருக்கு என் கம்ப்யூட்டரின் எண்ணெய்க் கணக்கு எதற்கு? இருந்தாலும் அந்த அகலத் திரையை விட்டு நகர்ந்தேன். இரண்டரை மணி நேரம் எனக்கும் போதாதுதான்.

அந்தப் பெண் சாம்பல் நிறத்தில் ஒல்லியான ஒன்றை எடுத்து வைத்தாள். திரை சிறியது, மின்சாரம் மிகக் குறைவாகத்தான் இழுக்கும் என்றாள். அவர் அதை இயக்கச் சொல்லிவிட்டு, குனிந்து விசைப்பலகையில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் கோணியிருந்தது. எஞ்சின் சத்தமே இல்லை, வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். திரைதான் பளிச்சென்று எரிகிறதே என்றாள் அவள். லைட் எரிந்தால் எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தமா என்றார் அவர்.

எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். எட்டு வருடம் இரைச்சலோடு வாழ்ந்த காது. நானும் மறுபக்கம் குனிந்து கேட்டேன். உண்மையிலேயே சத்தம் இல்லை. விசிறி கெட்டுப்போன சாமானை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று அவளிடம் பாய்ந்தேன்.

“இதுல விசிறியே கிடையாது ஆன்டி. சூடாகாது, அதனால தேவையில்ல.”

அசடு வழிந்தோம். ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் வண்டி எடுத்துப் பழக்கமில்லை என்று அவர் அடம்பிடித்தார். அவள் பொறுமைசாலி. சார்ஜரைக் கழற்றிவிட்டு, மூலையில் ஒரு மேசையைக் காட்டினாள். என் கைபேசியிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு பழைய படிவங்களைத் திறந்து நிரப்பினேன். அவர் அரை மணிக்கு ஒரு தடவை பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். இரண்டு மணி நேரத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை. அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தலையாட்டினார். ஒரு வருடமாக நான் பார்க்காத முகம் அது, வேலை செய்கிற மனிதரின் முகம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சாம்பல் நிறத்தையே வாங்கினேன்.

சனிக்கிழமை காலை நிலையத்தில் அவருக்கு ஊசி குத்தியதும் தாதி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். லேப்டாப்பை மடியில் வைத்து வேலையைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பி என் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது படிவத்தில் நான் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தப் போன நேரம், நிறுத்து என்றார்.

“இருபது அடி கண்டெய்னர்ல முப்பத்தெட்டு டன்னா? ஏத்தினவன் எவன்? லோரி ரோட்டுக்கே வராது.”

அனுப்பிய தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். பதினெட்டு டன். அவர்கள் தட்டச்சில் விட்ட பிழை, நானும் அப்படியே இறக்கிவைத்திருக்கிறேன். அனுப்பியிருந்தால் சரக்கு துறைமுகத்தில் முடங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவர் என்னைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு படிவத்தையும் அவர் கண்ணில் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு என்று ஒரே தொல்லை.

ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டே தாதி, செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் அங்கிள் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை பாடும்.

“வந்துதான் ஆகணும் மிஸ்ஸி,” என்றார் அவர். “செவ்வாய்க்கிழமை இவளுக்கு ரெண்டு கப்பல். தனியா சமாளிக்க மாட்டா.”

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கப்பல்கூட இல்லை. ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.